சிம்லாவின் படக்கதை வீடுகள்

சிம்லாவுக்குப் போய்வரும் தில்லித் தமிழ்க் குடும்பங்களின் ஆல்பத்தில் ஒரு படம் தவறாமல் இருக்கும். ரிட்ஜ் மைதானத்தில், கிறைஸ்ட் சர்ச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய நூலகக் கட்டடம். வெளிர்ச் சுவர், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கருத்த மரச் சட்டங்கள், சரிந்திறங்கும் கூரை. படக்கதைப் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும்.

அந்தப் பாணி வீடு ஒன்றில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

இதற்கு ட்யூடர் பாணி என்று பெயர். 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட அரச வம்சம் ட்யூடர். அக்காலத்து வீடுகளில் சுவர் பாரத்தைச் சுமக்காது. ஓக் மரச் சட்டங்களைத் துளையில் செருகி, மர ஆணி அடித்து ஒரு கூடு கட்டுவார்கள். நடுவே உள்ள கட்டங்களில் வரிச்சுப் பிடித்து, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பி, சுண்ணாம்பு பூசுவார்கள். நம் ஊர் மண்சுவர் வித்தைதான்! பெரிய கண்ணாடி வார்க்கத் தெரியாததால் சின்னச் சின்னத் துண்டுகளை ஈயப்பட்டையில் கோத்து ஜன்னல் செய்தார்கள். இன்று நாம் அழகு என்று ரசிப்பதில் பாதி அன்றைய வசதிக்குறைவு. சட்டங்களுக்குக் கன்னங்கரேலென்று கருப்படிக்கும் வழக்கம்கூடப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் வந்த நாகரிகமே.

அந்த நூற்றாண்டில்தான் ஊர் நினைவில் ஏங்கிய வெள்ளைக்காரர்கள் இந்த உருவத்தைச் சிம்லா மலையில் ஏற்றினார்கள். சோட்டா சிம்லாவில் உள்ள பார்ன்ஸ் கோர்ட் இதற்குப் பெரிய உதாரணம். 1972 ஜூலையில் இந்திரா காந்தியும் பூட்டோவும் சிம்லா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இங்கேதான். 1981ல் பீட்டர்ஹாஃப் தீக்கிரையான பிறகு ஆளுநர் மாளிகை இங்கே வந்தது. பெயருக்குரிய ஜெனரல் எட்வர்ட் பார்ன்ஸ் அதற்குமுன் இலங்கையில் கவர்னராக இருந்தவர்; கொழும்பு – கண்டி சாலை போட்டவர்.

வேடிக்கை என்னவென்றால், மலைவாசிகளிடம் இதற்கு ஒப்பான வித்தை ஏற்கெனவே இருந்தது. மரச் சட்டத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, கல்லும் மண்ணும் இட்டு நிரப்புவது. தஜ்ஜி என்பார்கள். இந்தியில் துணிக்கிழிசலுக்கு அதுதானே பெயர்? ஒட்டுப்போட்ட துணிபோல் சுவர் தெரிவதால் வந்தது. பூமி அதிர்ந்தால் மரக்கூடு வளைந்து கொடுக்கும். ஒரு கட்டத்தில் விழுந்த விரிசல் மரத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போகாது. ஆங்கிலேய வேஷம் போட்ட பல சிம்லா வீடுகளின் உடம்பு தஜ்ஜிதான்.

எங்கள் வீடும் அப்படித்தான். 1984ல் மாற்றலாகிப் போனபோது என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. மரத்தரை கிரீச்சிடும், எலிகளுக்குச் சட்டங்களே ராஜபாட்டை. ஐந்து வயது மகளுக்கோ அது சூனியக்காரி வீடு, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாள்.

மூன்றாம் வருடம் சுவரில் ஈரம் கண்டது. வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தோடு சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்டு பூசினார். நானும் "பலே" என்றேன். மண்ணும் சுண்ணாம்பும் உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு விடாது, ஈரம் மரத்தில் தங்கும். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அடிச்சட்டத்தில் விரலால் குத்தினால் ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே போயிற்று. மேல்மாடி ஒரு பக்கமாக இறங்கியது. நாங்கள் காலி செய்தோம். மரத்தை மட்டும் மாற்றி, பழையபடி சுண்ணாம்பு பூசியிருந்தால் நின்றிருக்கும் என்று ஒரு வயதான தச்சர் பிறகு சொன்னார். அந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிக் கான்கிரீட் கட்டடம்.

அடுத்த முறை போகும்போது சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அழகுக்கு அடித்த பலகை. கெட்டியாக ஒலித்தால், மர ஆணித் தலை கண்ணில் பட்டால், அது நிஜமாகவே வீட்டைத் தாங்குகிறது. சென்ற வருடம் என் மகள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவள், மால் ரோடு நெடுகத் தட்டிக்கொண்டே போனாளாம். கடைக்காரர் ஒருவர் வெளியே வந்து, "யார் வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.