முள் நீங்காதபோதும்



வியாதிப்பட்டவர்களுக்காக ஜெபிக்கும்போது, “ஆண்டவரே, இந்தப் பாடு நீங்கட்டும்” என்றே கேட்கிறோம். அப்படிக் கேட்பதில் தவறில்லை. அப்போஸ்தலனாகிய பவுலும் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். ஆனால் 2 கொரிந்தியர் 12-ம் அதிகாரத்தில் அந்த முள் எடுக்கப்படவில்லை. அதைத் தாங்கப் போதுமான கிருபை அளிக்கப்பட்டது. அது என்ன முள் என்று வேதம் சொல்லாததால், நம் ஒவ்வொருவருடைய முள்ளுக்கும் அங்கே இடமிருக்கிறது.

முள் நீங்காத வாழ்க்கையில் கிருபை எப்படிக் கிரியை செய்கிறது? டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வாழ்க்கை இதை நமக்கு விளக்குகிறது.

1925-ல் கேரளத்தில் பிறந்த இவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே மருத்துவராகப் பணிபுரிந்தார். 1954 ஜனவரியில் உடன் பணியாற்றியவர்களோடு வெளியே சென்றபோது, அவர்கள் சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. இவருடைய தண்டுவடம் சேதமடைந்து கால்கள் செயலிழந்தன. அப்போது இவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

தண்டுவடம் சேதமடைந்தால் நடை மட்டும் போவதில்லை. தொடு உணர்வும் போய்விடுகிறது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் புண் வரும். அந்த வலி நோயாளிக்குத் தெரியாது. ஆகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மற்றவர்களைக் கவனித்து வந்த மருத்துவர், எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தார்.

அக்காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவை சிகிச்சையைச் செய்து வந்தார். தொழுநோய் நரம்புகளைத் தாக்குவதால் விரல்கள் மடங்கிப்போகின்றன, உணர்வும் மரத்துப்போகிறது. முன்கையில் நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களுக்கு இணைத்து, பின்பு பயிற்சி கொடுத்தால், மடங்கிய விரல்கள் நிமிர்ந்து மறுபடியும் வேலை செய்யும். இந்தச் சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்தபடியே செய்யலாம். அந்தப் பணிக்கு மேரி அம்மையாரை அவர் ஊக்குவித்தார். இப்படி, உணர்வற்ற கால்களையுடைய ஒருவர், உணர்வற்ற கைகளையுடையவர்களுக்கு அறுவை சிகிச்சை நிபுணரானார்.

பின்பு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வு சிகிச்சை பெற்றார். நியூயார்க்கில் அத்துறையில் பயிற்சியும் பெற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில், அவருடைய தலைமையில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதுவரை கால்கள் சுகமாகவில்லை. ஆனால் முதுகெலும்பு முறிந்து வந்தவர்கள், தங்களைப் போலவே சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு மருத்துவரைக் கண்டார்கள்.

இதை வைத்து, “இதற்காகவே தேவன் அவரை விழப்பண்ணினார்” என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. படுக்கையில் இருப்பவருக்கு அந்த வார்த்தை இன்னொரு முள்ளாகும். “உங்களுக்கு விசுவாசம் போதவில்லை” என்பதும் அப்படியே. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்றுக்கொள்ளவில்லை என்று யோவான் 9-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

கிருபை மேரி அம்மையாரிடம் மனிதக் கைகளின் வழியாகவும் வந்தது. புரட்டிப் படுக்க வைத்த கைகள், நாற்காலியைத் தள்ளிய கைகள், “உன்னால் முடியும்” என்று வேலையைக் கொடுத்த ஆசிரியரின் கைகள், எல்லாமே கிருபையின் கருவிகள். அவரும் அந்த உதவியைத் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டார். கொடுத்தே பழகிய நமக்குக் கடினமான பாடம் இதுதான். காணிக்கை கொடுக்கும்போது மகிழ்கிறோம். நமக்கு முதுமையோ நோயோ வந்து, பிள்ளைகள் கைப்பிடித்து நடத்தும்போது மனம் கசக்கிறது. பெலவீனத்தை ஒப்புக்கொண்டு கையை நீட்டுவதும் விசுவாசமே.

உங்கள் சபையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஆலய வாசலில் படிகள் மட்டும்தானா, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டா? நடக்க முடியாதவருக்காக ஜெபிக்கிறோம். பாடவோ, வேதம் வாசிக்கவோ, கணக்குப் பார்க்கவோ அவரை அழைத்திருக்கிறோமா?

சுகத்துக்காகத் தொடர்ந்து ஜெபிப்போம். சுகம் தாமதித்தாலும், அவர்களுடைய கட்டிலருகே நம் நாற்காலி காலியாக இராதபடி பார்த்துக்கொள்வோம். உங்கள் பெலவீனங்களிலும் தேவ கிருபை உங்களைத் தாங்க வேண்டுமென்று ஜெபிக்கிறோம்.