காரில் மஞ்சள் விளக்கு எரிகிறதா? எண்ணெய் மூடியில் வெள்ளை நுரையா?

சாவியைத் திருப்பியதும் காரின் முன் பலகையில் வரிசையாகச் சில விளக்குகள் எரியும். சில நொடிகளில் அணைந்துவிடும்.

ஒன்று மட்டும் அணையாமல் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தால்? அதில் "ஏ.பி.எஸ்." என்ற எழுத்துகள் தெரிந்தால்?

"பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது!" என்று பேசாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. "பிரேக்கே போய்விட்டது" என்று பதறி, ஒர்க்‌ஷாப்பில் கேட்ட பணத்தைக் கொட்டிக் கொடுப்பவர்களும் உண்டு.

இரண்டும் தவறு.

சறுக்கும் கார்

மழை பெய்த தார் ரோடு. குறுக்கே மாடு ஓடி வருகிறது. டிரைவர் பலங்கொண்ட மட்டும் பிரேக்கை மிதிக்கிறார். சக்கரம் நின்றுவிட்டது. ஆனால் கார் நிற்கவில்லை! சறுக்கிக்கொண்டே போகிறது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பாது.

இதைத் தடுப்பதுதான் ஏ.பி.எஸ்.

சக்கரத்தின் அருகே "சென்சார்" என்ற சிறு கருவி இருக்கிறது. சக்கரத்தோடு ஒரு பல் வளையம் சுற்றுகிறது. அதைக் கொண்டு, சக்கரம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று சென்சார் கணக்கெடுக்கிறது. ஒரு சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால், அதன் பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் பிடிக்கிறது. அதுவும் ஒரு நொடிக்குள் பல தடவை!

அப்போது மிதிகட்டை காலுக்கு அடியில் அதிரும். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. அழுத்தியபடியே விலகிச் செல்ல வேண்டும்.

இது முதலில் ஆகாய விமானத்துக்காகச் செய்யப்பட்டது. 1950-ம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் டன்லப் கம்பெனி "மாக்சரெட்" என்ற கருவியைச் செய்தது. ஜெர்மனியின் போஷ் கம்பெனி செய்த ஏ.பி.எஸ். 1978-ல் மெர்சிடிஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் இது கட்டாயம். அதற்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் விலை கூடிய ரகங்களில்தான் இருந்தது. அந்தக் கார்களுக்குத்தான் இப்போது வயதாகிவிட்டது.

மஞ்சளா, சிவப்பா?

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். ஏ.பி.எஸ். மட்டும் லீவு போட்டுவிட்டது என்று பொருள். நிதானமாக, முன்னால் போகும் வண்டிக்கு அதிக இடைவெளி விட்டு, ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிச் செல்லலாம்.

சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. முதலில் ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கியும் எரிந்தால் காரை ஓரங்கட்ட வேண்டியதுதான். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா? எங்கோ ஒழுகுகிறது, அல்லது பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் காரில் ஓர் அடி கூட நகரக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில், சூடு ஏறினால் கொதித்துவிடும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கீழே இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் என்ன ஆகும்? மிதிகட்டை தரை வரை போய்விடும், பிரேக் பிடிக்காது! பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்ற வேண்டும். மலை இறங்கும்போது சிறிய கியரில் இறங்க வேண்டும்.

கோளாறு எங்கே?

ஏ.பி.எஸ். என்றதும் "பெரிய பெட்டியே போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். அவசரப்படக் கூடாது. பழைய காரில் பெரும்பாலும் கெட்டுப்போவது சக்கரத்தின் அருகே உள்ள சின்னச் சாமான்கள்தான்.

சென்சாரின் முகத்தில் சேறும் துருவும் அப்பிக்கொள்ளும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் ஒயர் வளைந்து வளைந்து உள்ளுக்குள் அறுந்திருக்கும். மேல் தோல் நன்றாகவே இருக்கும். பேரிங் ஆடினாலும் விளக்கு எரியும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் வேறு அளவு டயர் மாட்டினாலும் எரியும். ஏன், பேட்டரி வலுவிழந்தால் கூட எரியும்.

இன்னொரு விசித்திரக் கோளாறு உண்டு. ஈரமில்லாத நல்ல ரோடு. கார் மெதுவாக வந்து சிக்னலில் நிற்கப் போகிறது. கடைசி நொடியில் மிதிகட்டை "கர்... கர்..." என்று அதிர்கிறது. கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது! விளக்கு எரியாமலே கூட இது நடக்கும். பல் வளையத்தில் விரிசல் இருக்கலாம். சக்கரம் நின்றுவிட்டதாக ஏ.பி.எஸ். ஏமாந்துபோகிறது. முன்னால் குழந்தைகள் ரோட்டைக் கடக்கிறார்கள் என்றால், அந்த இரண்டு அடி பெரிய தூரம்.

ஸ்கேன் கருவி வைத்துப் பார்த்தால் எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று தெரியும். மலிவான கருவிகள் பல எஞ்சினை மட்டுமே படிக்கும். ஆகவே ஏ.பி.எஸ். படிக்கும் கருவிதானா என்று கேட்க வேண்டும். பிறகு பியூஸ், ஒயர், சென்சார், வளையம் என்று பார்த்து வந்தால் பெட்டி கடைசியில்தான் வரும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையா? கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்!

மூடிக்கு அடியில்

இனி எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடி. எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி, அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

வெண்ணெய் போல வெளிர் நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஊட்டிக் குளிரில் தினமும் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் காரில் இது சகஜம். எஞ்சின் முழுச்சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவதால், உள்ளே உள்ள ஈரம் மூடியில் படிந்து நுரையாகிறது. துடைத்துவிட்டு, 20, 30 கிலோ மீட்டர் ஓட்டினால் போய்விடும்.

தினமும் நீண்ட தூரம் ஓடும் காரில் நுரை வந்தால் சும்மா இருக்கக் கூடாது. அளவு குச்சியில் ஒட்டும் ஆயிலும் காபி நிறமா? ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகாமலே குறைகிறதா? புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? "ஹெட் கேஸ்கட்" போயிருக்கலாம். எஞ்சினை ஓட்டாமல், காரை இழுத்துச் செல்வதே லாபம். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

மூடியைச் சுற்றி ஆயில் கசிந்தால், பெரும்பாலும் ரப்பர் வளையம் காய்ந்து இறுகியிருக்கும். வளையத்தை மாற்றப் பெரிய செலவு ஆகாது. மாற்றாமல் விட்டால், ஆயில் சூடான புகைக்குழாயில் சொட்டிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஆயில் மாற்றிய பிறகு மூடியைப் பூட்ட மறந்துவிடுவதும் நடக்கிறது. எஞ்சின் மேல் வைத்த மூடி வழியில் விழுந்துவிடும். அந்த ஓட்டையில் துணியைத் திணித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். துணி உள்ளே போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். வெளியே நழுவினால் சூட்டில் பற்றிக்கொள்ளும். அதே ரகக் காரின் மூடி கடையில் கிடைக்கும். அது வரும் வரை கார் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.