மூளை வரையும் அலைகள்

வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் இழுப்பது, இரும்புச் சாவியைக் கையில் திணிப்பது என்றே எங்கள் ஊரில் எண்ணியிருந்தோம். என் தங்கை விழவில்லை; பேச்சின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்ப்பாள். கவனமில்லாதவள் என்று வகுப்பில் அடி வாங்கினாள்.

மனித மூளையின் மின்னலைகளை 1924இல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1935இல் அமெரிக்காவின் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர், இவ்வகை வலிப்பின்போது நொடிக்கு மூன்று முறை கூர்முனையும் அலையும் இணைந்து எழுவதைக் காட்டினர். ஆழ்ந்து விரைவாக மூச்சுவிடச் சொன்னபோது தங்கையின் ஈ.ஈ.ஜி.யிலும் அதுவே தோன்றியது. அது நின்றதும் நினைவு திரும்பியது.

வலிப்பு நோயாளிக்கும் சில வேளை பதிவு சீராகவே இருக்கலாம். ஆகவே, நண்பர்களே, சாவியைத் தேடாமல் கண்டதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்வோம்.