இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் பாதத்தை மறக்கலாமா?

பாலசமுத்திரம்:

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகிறோம். "தையல் பிரித்தாயிற்றா? நடக்கிறீர்களா?" என்று விசாரிக்கிறோம். வாங்கிப் போன பழத்தை வைத்துவிட்டுத் திரும்புகிறோம். "பாதம் எப்படி இருக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை. என் தாயாரிடம் நானும் கேட்கவில்லை. அதனால் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்காவது பயன்படட்டும்.

அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை வியாதி உண்டு. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்புப் பந்து முறிந்தது. 'புத்தூர் கட்டு'க்குப் பேர் போன பகுதி நம்முடையது. ஆனால் இடுப்புப் பந்து முறிந்தால் இன்று பலர் திருப்பதியில் உள்ள தேவஸ்தானத்தின் 'பர்டு' மருத்துவமனைக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ, வேறு ஆஸ்பத்திரிக்கோ போகிறார்கள். அம்மாவுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடந்தார். டூட்டி முடிந்து நான் வந்து கேட்டால், "நல்லா இருக்கேன்பா" என்பார்.

மூன்றாவது வாரம் ஒருநாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது அதில் ஈரக் கறை தெரிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண்! வலிக்கவே இல்லை என்றார். வேளா வேளைக்குச் சோறு, மாத்திரை, வெந்நீர் எல்லாம் கொடுத்த நாங்கள் பாதத்தை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை.

டாக்டரிடம் ஓடினோம். பாதத்துப் புண்ணில் ஏறும் கிருமி ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், அப்படி நேர்ந்தால் மூட்டையே வெளியே எடுக்க வேண்டி வரலாம் என்று அவர் விளக்கியபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்லவேளையாகப் புண் ஆழமாகவில்லை. ஆற இரண்டு மாதம் பிடித்தது.

குனிந்தால் ஆபத்து

இன்று செய்யப்படும் இடுப்பு மாற்று முறைக்கு வழி வகுத்தவர் ஆங்கில டாக்டர் ஜான் சார்ன்லி. 1962-ம் ஆண்டு நவம்பரில் அவர் உலோகப் பந்தையும் உயர்ரக பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பொருத்திக் காட்டினார். கிண்ணத்துக்குள் பந்து சுழல்வதால்தான் நடக்க முடிகிறது.

சுற்றிலுமுள்ள தசையும் சவ்வும் ஆறி இறுகும் வரை அந்தப் பந்து நழுவிவிடக்கூடும். ஆகவே, முக்கியமாகப் பின்புறம் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உட்புறம் திருப்பக் கூடாது என்பார்கள். ஆபரேஷன் முறைக்குத் தக்கபடி இது மாறும். அவரவர் டாக்டர் சொல்வதே சட்டம்.

தரையில் உட்கார்ந்து, காலை மடக்கி நகம் வெட்டுவது நம் வழக்கம். இப்போது அது முடியாது. குனிந்து செருப்பு மாட்டவும் முடியாது. சொந்தப் பாதமே எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது.

வேலூர் தந்த பாடம்

எட்டாத பாதத்தில் உணர்ச்சியும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை சொன்னது நம் பக்கத்து ஊர்தான்.

1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அன்று பலரும் நம்பினர். அப்படியல்ல, வலி தெரியாததால் கவனிக்காமல் விட்ட காயங்களே விரல்களை அழிக்கின்றன என்பதை அவரும் அவரோடு உழைத்தவர்களும் எடுத்துக் காட்டினார்கள். காட்பாடியை அடுத்த கரிகிரியில் இந்த நோயாளிகளுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுத்தார்கள். வலி சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும் என்று தினமும் பாதத்தைப் பார்க்கப் பழக்கினார்கள்.

சர்க்கரை வியாதியும் பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கிறது. ஆகவே அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தினமும் ஒருவர் பாதத்தைப் பார்க்க வேண்டும். குதிகால், உள்ளங்கால், விரலிடுக்கு மூன்றும் முக்கியம். இறுக்கமான காலுறை கொடுத்திருந்தால் டாக்டர் சொன்ன நேரத்தில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அறையில் தனியாக இருப்பவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து காலை முன்னே நீட்டி, எதிரே சுவரில் சாய்த்த கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்கலாம். முன்னால் குனியக் கூடாது.

படுத்திருக்கும்போது குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். என் தாயாருக்குப் புண் வந்தது இந்த அழுத்தத்தால்தான்.

கழுவிய பிறகு விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். வெடிப்புக்கு எண்ணெய் தடவினால் நடக்குமுன் துடைத்துவிடுங்கள். வழுக்கி விழுந்தால் எல்லாம் வீண். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சுடுநீர் ஒத்தடம் வேண்டாம்.

நோயாளியைப் படுக்க வைத்து அடுத்தவர்தான் நகம் வெட்ட வேண்டும். நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

கால் வீங்குவது சகஜம். மெட்டி வீங்கிய விரலை இறுக்கும். தாய்மார்கள் தயங்காமல் கழற்றி வைக்கலாம். ஹவாய் செருப்பு வேண்டாம். வீக்கத்துக்கு இடம் தரும், பின்பட்டை உள்ள, வழுக்காத செருப்பே நல்லது. அதை மாட்ட நீளமான கைப்பிடியுள்ள கரண்டி கடைகளில் கிடைக்கிறது.

கெண்டைக்கால் வலித்து, சிவந்து, சூடாக வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலை ஏறுவதாகப் பிரார்த்தனை செய்துகொண்டவர்களும் அவசரப்பட வேண்டாம். அலிபிரிப் பாதையில் 3,500க்கும் மேற்பட்ட படிகள். வெறுங்காலோடு ஏறும் நாளை டாக்டர் குறித்துக் கொடுக்கட்டும்.

கூச்சம் எதற்கு?

புண் இருப்பது தெரியாது என்றாலும், குதிகால் ஒரு மாதிரி இருப்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மருமகளிடம் காலை நீட்டக் கூச்சம். மகனிடம் அதைவிடக் கூச்சம். நான் நகவெட்டியோடு உட்கார்ந்தபோது, "வேணாம் கண்ணு, ஆம்பளப் புள்ள எங் கால் நகத்த வெட்டுறதா?" என்று காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "சின்ன வயசுல என் நகத்த யாரும்மா வெட்டுனது?" என்றேன். அப்புறம் பேசவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் நகம் வெட்டும் நாள். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் கூடாது என்ற அம்மாவின் சட்டத்தை நானும் மீறுவதில்லை.

அடுத்த முறை ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போகும்போது, பழத்தைக் கொடுத்த கையோடு போர்வையை விலக்கிப் பாதத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.