காலமும் இடமும் அறியும் கிருமிகள்

நோய்க்குக் காரணம் கிருமி என்பது இன்று சிறுவரும் அறிந்த உண்மை. ஆயினும், நோயை விளைக்கும் கிருமி எப்பொழுதும் நோயை விளைத்துக்கொண்டிருப்பதில்லை என்பது பலரும் எண்ணிப் பாராத உண்மையாகும். வாந்திபேதியை உண்டாக்கும் கொலராப் பற்றீரியா, கழிமுக நீரிலே மிதக்கும் நுண்ணுயிர்களின் ஓட்டைப் பற்றிக்கொண்டு, எவருக்கும் தீங்கின்றி நெடுங்காலம் வாழவல்லது. அதுவே மனிதனின் சிறுகுடலை அடைந்ததும் கொடிய நஞ்சைச் சுரக்கின்றது. தக்க சிகிச்சை கிட்டாவிடின் நோயாளி சில மணி நேரத்திலே உயிரிழத்தலும் கூடும். நீரில் வாழ்ந்ததும் குடலிற் புகுந்ததும் ஒரே உயிர். அதன் பரம்பரையலகுகளும் அவையே. அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். பகைமேற் செல்லும் வேந்தனுக்குரிய இம்மூன்று அறிவும், கண்ணுக்குப் புலனாகாத இச்சிற்றுயிர்களிடத்தும் ஒருவகையிற் காணப்படுகின்றன. எனினும், பற்றீரியாவுக்கு மூளையுமில்லை, நோக்கமுமில்லை. ஈண்டு அறிதல் என்பது இரசாயனப் பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்துவதும் பிரிவதுமேயன்றி வேறன்று. நஞ்சை ஆக்குதற்குப் பொருளும் சக்தியும் செலவாகும். வேண்டாத இடத்தில் அதனை ஆக்கும் கிருமி, அச்செலவைத் தவிர்க்கும் தன் இனத்தோடு போட்டியிட்டுப் பின்தங்கும். ஆதலின், வேண்டிய இடத்தில் மாத்திரம் ஆக்குவனவே இயற்கைத் தேர்வினால் நிலைபெற்றன எனலாம்.

பரம்பரையலகு ஒன்று எவ்வாறு அடக்கப்படுகின்றது, எவ்வாறு தூண்டப்படுகின்றது என்பதை முதலில் நோக்குவோம். ஒரு புரதத்தை ஆக்குதற்குரிய கட்டளை டி. என். ஏ. என்னும் பொருளிற் பொதிந்துள்ளது. அக்கட்டளை ஆர். என். ஏ. ஆகப் படியெடுக்கப்பட்டு, அப்படியின்வழி புரதம் ஆக்கப்படுகின்றது. குடலில் வாழும் பற்றீரியா ஒன்று, பாலிலுள்ள இலத்தோசு என்னும் வெல்லம் கிடைக்கும்போது மாத்திரம் அதனைப் பிரிக்கும் நொதியத்தைப் பேரளவில் ஆக்குவதைப் பாரிசு நகரிலே பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மொனோ என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். அடக்கி எனப்படும் ஒரு பொருள் பரம்பரையலகின் தொடக்கத்திற் பொருந்திப் படியெடுத்தலைத் தடுக்கின்றது என்றும், வெல்லம் வந்ததும் அவ்வடக்கி விலகுகின்றது என்றும் அவர்கள் 1961 இல் விளக்கினர். 1965 இல் அந்திரே லூவோவுடன் அவர்களுக்கு நோபெற் பரிசு கிடைத்தது. வெல்லத்துக்குக் கூறிய இவ்விதியே, வேறுபாடுகள் பலவற்றுடன், நஞ்சுக்கும் பொருந்துவதாயிற்று.

இடனறிதலுக்குச் சிறந்த சான்று, டிப்தீரியா எனப்படும் தொண்டைக்கரப்பான் நோயாகும். இந்நோயில் உயிருக்கு உலை வைப்பது கிருமி சுரக்கும் நஞ்சேயென்பதை ரூ, யெர்சின் என்போர் 1888 இல் நிறுவினர். தொண்டையில் மூச்சை அடைக்கும் தோல் போன்ற படலம் உண்டாவதற்கும், இருதயம் பழுதுறுவதற்கும் அதுவே காரணம். ஆயின், இக்கிருமியின் எல்லா வகைகளும் நஞ்சை ஆக்குவனவல்ல. பற்றீரியாவைத் தாக்கும் வைரசு ஒன்று புகுந்ததும், நஞ்சற்ற வகை நஞ்சுள்ளதாக மாறுவதை 1951 இல் விக்டர் பிரீமன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தார். நஞ்சுக்குரிய பரம்பரையலகு அவ்வைரசு கொணர்ந்ததே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அஃதில்லாத கிருமி தொண்டையில் இருப்பினும் இந்நஞ்சினால் வரும் கேடு இல்லை. கிருமி வேறு, அதன் படைக்கலம் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

படைக்கலம் கைவந்த பின்னரும் கிருமி அதனை எங்கும் வீசுவதில்லை. வளர்ப்பு ஊடகத்தில் இரும்புச் சத்து மிகுந்தால் நஞ்சு குன்றுவதையும், இரும்பு குறைந்தால் நஞ்சு பெருகுவதையும் 1936 இல் பப்பன்ஹைமரும் அவருடன் ஆராய்ந்தவரும் காட்டினர். இதன் காரணம் பின்னர் வெளியாயிற்று. இக்கிருமியினிடத்து ஓர் அடக்கிப் புரதம் உண்டு. இரும்பு அதனோடு சேர்ந்தாலன்றி அது நஞ்சின் பரம்பரையலகிற் பொருந்தமாட்டாது. மனித உடலோ இரும்பைத் தனித்து விடுவதில்லை. இரத்தத்திலும் உமிழ்நீர் முதலியவற்றிலும் உள்ள புரதங்கள் அதனை இறுகப் பற்றிக்கொள்கின்றன. கிருமிகளுக்கு உணவு கிட்டாதவாறு உடல் செய்துகொண்ட காப்பு இது. அக்காப்பையே கிருமி, தான் மனித உடலிற் புகுந்ததற்கு அடையாளமாகக் கொள்கின்றது. இரும்பு அரிதாகியதும் அடக்கி விலக, நஞ்சு பிறக்கின்றது. நம் காவலே பகைவனுக்குக் குறியாக அமைந்தமை வியக்கத்தக்கது.

வெப்பமும் இடத்தை உணர்த்தும் குறிகளுள் ஒன்று. பாற்பொருள்களாலும் பிற உணவுகளாலும் பரவும் லிஸ்தீரியா என்னும் பற்றீரியா, குளிரூட்டியின் குளிரிலும் பெருகவல்லது. நோய்வன்மைக்குரிய பரம்பரையலகுகளைத் தூண்டும் தலைமைப் புரதம் ஒன்று அதற்குண்டு. அப்புரதத்துக்குரிய ஆர். என். ஏ. இழை, 30 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையில் தன்மீதே மடிந்து கிடக்கின்றது. ஆதலின் புரதம் ஆக்கப்படுவதில்லை. உடலின் வெப்பநிலையாகிய 37 பாகையில் அம்மடிப்பு அவிழ்கின்றது, புரதமும் தோன்றுகின்றது. இது 2002 இல் வெளியான ஆய்வின் முடிபாகும்.

இனிக் காலமும் வலியும் அறியும் திறத்தைக் கொலராக் கிருமியிடத்துக் காண்போம். றொபேட் கொக் 1884 இல் கல்கத்தாவிலே இதனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். இது சுரக்கும் நஞ்சைச் சம்புநாத் தே என்னும் வங்க அறிஞர் அதே நகரில் ஆராய்ந்து, 1959 இல் மெய்ப்பித்தார். இந்நஞ்சின் பரம்பரையலகும் ஒரு வைரசு கொணர்ந்ததே. அதனைத் தூண்டும் புரதத்தைக் குடலின் நடுவேயுள்ள பித்தத்தின் கொழுப்பமிலங்கள் தடுக்கின்றன; குடற்சுவரின் அருகே மிகுந்துள்ள இருகாபனேற்று ஊக்குகின்றது. எனவே, கிருமி குடற்சுவரை அணுகும் வேளையே நஞ்சு பிறக்கும் வேளையாகின்றது. நஞ்சு தாக்கியதும் குடலின் உயிரணுக்கள் நீரையும் உப்பையும் சொரிகின்றன.

இவ்வுயிர்கள் தம் தொகையையும் உணர்வன. ஒவ்வொரு பற்றீரியாவும் சில நுண்பொருள்களை வெளியே விடுகின்றது. கூட்டம் பெருகப் பெருக அப்பொருள்களின் செறிவும் பெருகும். பல பற்றீரியாக்கள், கூட்டம் பெருகிய பின்னரே தம் படைக்கலங்களை வெளிக்காட்டுகின்றன. கொலராக் கிருமியோ இதற்கு மாறானது. தொகை குறைந்திருக்கும்போது பற்றிக்கொள்ளும் உறுப்பையும் நஞ்சையும் ஆக்குகின்றது. தொகை நிறைந்ததும் அவற்றை அடக்கி, பற்றிய இடத்தை விட்டு நீங்க ஆயத்தமாகின்றது. பொனி பாஸ்லர் முதலிய அமெரிக்க ஆய்வாளர் இதனை 2002 இல் வெளியிட்டனர். பெருகிய கூட்டம் கழிச்சலோடு வெளியேறி மீண்டும் நீரையடைவதற்கு இஃது ஏற்றதாகும்.

இவ்வறிவினால் விளையும் பயன் யாது? டிப்தீரியாத் தடுப்பு மருந்து, நஞ்சைப் பேரளவிற் பெற்று, அதன் கொடுமையைப் போக்கிச் செய்யப்படுவது. அதன்பொருட்டுக் கிருமியை இரும்பு குறைந்த ஊடகத்தில் வளர்க்கின்றனர். குழந்தையின் கையில் ஏறும் ஊசியிலே மேற்கூறிய ஆராய்ச்சியின் பயன் அடங்கியுள்ளது. அன்றியும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இன்று உலகெங்கும் பெருகி வருகின்றன. கொல்லும் மருந்து, எதிர்க்க வல்லவற்றை மாத்திரம் எஞ்ச விடுவதனால் இந்நிலை நேர்ந்தது. ஆகவே, கிருமியைக் கொல்லாது அதன் படைக்கலத்தை மாத்திரம் தடுத்தல் கூடுமோ என அறிஞர் ஆராய்கின்றனர். விர்ஸ்ரற்றின் என்னும் பொருள் கொலராக் கிருமியின் தூண்டுபுரதத்தைத் தடுத்து, அக்கிருமி எலிக்குஞ்சுகளின் குடலிற் பற்றாதவாறு காத்ததென 2005 இல் அறிவிக்கப்பட்டது. அது மனிதருக்குரிய மருந்தாக இன்னும் வரவில்லை. இத்தகைய மருந்துகளையும் கிருமிகள் எதிர்க்கக் கற்குமோ என்பதும் ஆராயற்பாலதே. எனினும் இவ்வழி முற்றும் புதியதன்று. 1890 இல் பேரிங், கித்தசாட்டோ என்போர் கண்ட நஞ்செதிர் சீரம் கிருமியைக் கொல்வதன்று. நஞ்சை மாத்திரம் முறிப்பது. அதனால் உயிர் பிழைத்த குழந்தைகள் அளவிலர்.

கிருமி என்றதும் அஞ்சுவதும், காய்ச்சல் என்றதும் கொல்லி மருந்தைத் தேடுவதும் நம்மிடையே வழக்கமாயின. அம்மருந்து வேண்டும்போது இன்றியமையாதது. வேண்டாதபோது உண்பது நாளைய நோயாளியின் மருந்தை இன்றே வீணாக்குவதாகும். தன் படைக்கலத்தை எங்கு, எப்பொழுது எடுப்பது என்னும் வரையறை, அறிவற்ற பற்றீரியாவிடத்தும் உண்டு. நம் படைக்கலமாகிய மருந்தைப் பயன்படுத்துவதில் அறிவுடைய நாம் அவ்வரையறையை மறத்தலாகாது.