சட்டைப்பையிற் கொண்டுசெல்லும் கத்தி

மடக்குக் கத்தி வாங்கச் செல்லும் ஒருவர் கடையில் முதலிற் பார்ப்பது அதன் அலகையே. அது மின்னுகின்றதா, நீண்டிருக்கின்றதா, கூராக இருக்கின்றதா என்பனவே அவர் கவனத்தை ஈர்க்கின்றன. ஆயின், அக்கத்தி அவருக்குப் பல்லாண்டு பயன்படுமா, அன்றி ஒருநாள் அவர் விரலையே பதம் பார்க்குமா என்பதைத் தீர்மானிப்பது அலகன்று. அலகும் பிடியும் சேர்கின்ற மூட்டே அதனைத் தீர்மானிக்கின்றது.

சமையலறைக் கத்தியில் அலகின் அடி பிடிக்குள் அசையாது பொருந்தியிருக்கும். மடக்குக் கத்தியோ நடுவே இரு கூறாகி, ஓர் ஆணியினால் இணைக்கப்பட்ட கத்தியாகும். ஆதலின், அதன் வலிமை முழுவதும் அந்த ஆணியிலும் அலகை நிறுத்திவைக்கும் அமைப்பிலுமே தங்கியுள்ளது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டவருக்குத் தேர்வு பாதி முடிந்துவிட்டது எனலாம்.

யாழ்ப்பாணத் தமிழில் இதனை வில்லுக்கத்தி என்பர். பெயரே இதன் நுட்பத்தைச் சொல்லிவிடுகின்றது. பிடியின் முதுகுப்புறத்தில் உருக்கினாலான ஒரு வில் உண்டு. அலகின் அடிப்பாகம் தட்டையான பக்கங்கள் அமையும்படி செதுக்கப்பட்டிருக்கும். அலகை விரித்ததும் வில் ஒரு பக்கத்தில் அழுந்திப் படிகின்றது. மடக்கியதும் மற்றொரு பக்கத்திற் படிகின்றது. இடைப்பட்ட வேளையில் வில் சற்று மேலெழுந்து மீண்டும் தாழ்வதனாலேயே திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்னும் ஓசை எழுகின்றது. ஆனால், இந்த வில் அலகைப் பூட்டுவதில்லை; தடுத்துப் பிடிக்க மட்டுமே செய்கின்றது. முனையால் ஒன்றைக் குத்தினாலோ, அலகின் முதுகிற் பலமாக அழுத்தினாலோ, அலகு மடிந்து விரல்களின் மேல் விழக்கூடும்.

மடக்குக் கத்தி நேற்றுத் தோன்றிய பொருளன்று. ஒஸ்திரியாவிலுள்ள ஹால்ஸ்ராற் என்னும் இடத்தில், ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மடக்குக் கத்தியொன்று கிடைத்துள்ளது. உரோமரும் இத்தகைய கத்திகளைச் செய்தனர். பறவை இறகினால் எழுதிய காலத்தில், இறகின் நுனியைச் சீவுவதற்கென எழுத்தர் சிறு கத்தியொன்றை வைத்திருந்தனர். பேனாக்கத்தி என்னும் பெயர் அவ்வழி வந்ததே. இறகு மறைந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

தற்காலத்திற் பெயர்பெற்ற இரு கத்திகள் ஒரே தேவைக்கு இரு வகையாக விடை கூறுகின்றன. சுவிற்சர்லாந்தின் ஈபாக் என்னும் ஊரிற் கார்ள் எல்செனர் என்பவர் 1884ஆம் ஆண்டிற் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1891இல் அந்நாட்டுப் படைவீரருக்குக் கத்திகளை வழங்கினார். பிடியின் இருபுறத்திலும் கருவிகள் அமையும்படி வில்லைத் திருத்தியமைத்து, 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். இன்று விக்டோரினொக்ஸ் என வழங்குவது அப்பட்டறையின் வழிவந்த நிறுவனமே. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டளவில் வேறொரு வழியை நாடினார். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஓர் உலோகப் பட்டி ஆகியவையே அவர் கத்தியின் உறுப்புகள். வில் இல்லை, மரத்தின் இறுக்கமே அலகைப் பிடித்தது. அவ்விறுக்கம் மட்டும் போதாதென்பதனால், 1955இற் சுழலும் வளையமொன்று அதிற் சேர்க்கப்பட்டது. அலகை விரித்தபின் வளையத்தைத் திருகினால் அலகு மடிய இயலாது. எளிய உழவரின் கத்தியும் ஈற்றில் மூட்டின் பாதுகாப்பையே தேடியது என்பது கவனிக்கத்தக்கது.

பூட்டுள்ள கத்திகளிற் பிறவும் உள. சிலவற்றிற் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும். வேறு சிலவற்றில் முதுகுப்புறத்து நெம்புகோல் அலகின் பள்ளத்திற் கொளுவிக்கொள்ளும். கயிறு அறுத்தல், மரம் சீவுதல் முதலிய வலிய வேலைகள் செய்பவருக்குப் பூட்டு நன்மை தரும். எனினும், பூட்டும் தேயும். தூசி அடைந்தால் முழுதாகக் கொளுவாது. பூட்டை நம்பிக் கத்தியை முறைகேடாகப் பயன்படுத்தலாகாது.

இங்கே சட்டமும் குறுக்கிடுகின்றது. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு, மேற்படாத மடக்குக் கத்தியைப் பொது இடங்களிற் கொண்டுசெல்ல இடமளிக்கின்றது. பூட்டுள்ள கத்திக்கு இச்சலுகை இல்லையென நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. விரலைக் காக்கும் பூட்டே அங்கு ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடலாம். நாட்டுக்கு நாடு விதி வேறாதலின், தம் ஊரின் சட்டத்தை அறிந்த பின்னரே வாங்குதல் அறிவுடைமை. விமானப் பயணிகள் கத்தியைக் கைப்பையில் வைக்காது, நிறுத்து ஒப்படைக்கும் பொதியில் வைத்தல் வேண்டும்.

அடுத்து நீளம். கடிதவுறை திறத்தல், பொதியின் நூலை அறுத்தல், பென்சில் சீவுதல், மாங்காய் வெட்டுதல் ஆகியவையே பெரும்பாலோரின் அன்றாடத் தேவைகள். இவற்றுக்கு 6 முதல் 7 சென்ரிமீற்றர் வரை நீளமான அலகு போதும். அதனினும் நீண்டது பைக்குப் பாரமாகும். காண்பவருக்கு அச்சமும் தரும்.

அலகின் உருக்கு இருவகைப்படும். காபன் உருக்கு எளிதிற் கூரேறும். ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். மாங்காயின் புளிப்புப் பட்டாற் கறுக்கும். மற்றையது கறையில் உருக்கு. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியேளி உருவாக்கிய உருக்கு இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. இதிற் கலந்துள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய படலமாகி இரும்பைக் காக்கின்றது. கடற்கரையை அடுத்து வாழ்பவருக்கும், வியர்வை மிகுந்த உழைப்பாளருக்கும் கறையில் உருக்கே ஏற்றது. நாள்தோறும் துடைத்து எண்ணெய் பூசும் பொறுமை உடையவர் காபன் உருக்கை விரும்பலாம்.

கடையிற் செய்யவேண்டிய சோதனைகள் எளியன. அலகை விரித்து, வாயிற் கைபடாமற் பக்கங்களைப் பற்றி இடமும் வலமும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அக்கத்தியை விலக்குக. மடக்கிய நிலையில் முனை பிடிக்குள் முற்றாக மறைகின்றதா என்று நோக்குதல் வேண்டும். சிறிது வெளியே நின்றாலும் பைக்குள் நுழையும் கையைக் கீறும். அலகு பிடியின் பக்கங்களில் உராயாது நடுவே இறங்குதல் வேண்டும். நகம் வைத்து இழுக்கும் பள்ளத்தினால் அலகு நகம் முறியாது திறத்தல் வேண்டும். ஈற்றில், பிடி உள்ளங்கையில் நிறைந்து நிற்கின்றதா என்று பார்த்துக்கொள்க. ஈரக்கையில் வழுக்கும் பிடி எவ்வளவு அழகாயினும் உதவாது.

வாங்கிய பின் பேணுதலும் தேர்வின் ஒரு பகுதியே. மழுங்கிய கத்தி தீங்கற்றது என்பது பொது நம்பிக்கை. உண்மை அதற்கு மாறானது. மழுங்கிய அலகை மிகுந்த பலத்தோடு அழுத்தவேண்டியிருக்கும், அப்பலமே அலகை வழுக்கச் செய்கின்றது, மூட்டையும் வருத்துகின்றது. ஆதலின், சாணைக்கல்லில் ஒரு பக்கத்துக்கு 20 பாகை அளவிற் சாய்த்து, இரு பக்கமும் ஒப்பத் தீட்டிவருதல் நன்று. மூட்டிற் சேரும் அழுக்கை அகற்றி, ஒரு துளி எண்ணெய் விடுதலும் வேண்டும்.

உடலுக்கு அப்பால் நோக்கி வெட்டுதல், முனையால் நெம்பாதிருத்தல், பிறரிடம் கொடுக்கும்போது மடக்கிக் கொடுத்தல் ஆகிய மூன்றையும் சிறுவருக்குக் கத்தியைக் காட்டும் முன்னரே கற்பித்தல் வேண்டும். நன்கு தெரிந்தெடுத்த சிறு கத்தி, தேவை வரும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் 'டக்' என்று மூடிக்கொள்ளும். அவ்வோசை உறுதியாகக் கேட்கும்வரை அதன் மூட்டு நலமாக உள்ளது என்று கொள்ளலாம்.