கார் ஏ.சி. குளிரவில்லையா? முதலில் பியூஸைப் பாருங்கள்!

உப்பு மூட்டையைத் திறந்து போட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் என்பதைத் தூத்துக்குடி வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உப்பளங்களின் ஓரத்திலும் துறைமுகச் சாலையிலும் ஓடும் நம் கார்களின் மின் இணைப்புகளிலும் இதே கதைதான். படிந்த உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்க, செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி மின்சாரம் தடைபடுகிறது.

கொள்முதலுக்குப் போகும் வழியில் ஏ.சி. நின்றுவிட்டால், "கம்ப்ரஸர் போய்விட்டது" என்று பயந்து பெருந்தொகை செலவழிப்பவர்கள் உண்டு. சில ரூபாய் பியூஸோடு முடிகிற வேலையாகவும் அது இருக்கலாம். ஆகவே வரிசையாகப் பார்ப்போம்.

1. காற்றே வரவில்லை என்றால் புளோயரின் பியூஸையும் ரிலேயையும் கவனிக்கவும். அதிக வேகத்தில் மட்டும் காற்று வந்தால் பெரும்பாலும் ரெஸிஸ்டர் பழுது.

2. காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டால், கிளட்ச் உள்ள கம்ப்ரஸர் "டக்" என்று பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பியூஸ், ரிலே இரண்டையும் பார்த்தபின், கிளட்ச் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். வந்தும் பிடிக்கவில்லை என்றால் காயில் அல்லது எர்த் இணைப்பில் கோளாறு இருக்கலாம். வரவில்லை என்றால் ஒயர் அறுந்திருக்கலாம். கேஸ் குறைந்து பிரஷர் சுவிட்சே மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம். அந்தச் சுவிட்சை விலக்கி நேரடி இணைப்பு கொடுக்க விடாதீர்கள். கேஸோடுதான் எண்ணெயும் சுற்றுகிறது. அது இல்லாமல் ஓடினால் நல்ல கம்ப்ரஸரும் கெடும்.

3. ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறதா? கண்டென்ஸர் விசிறியைப் பாருங்கள்.

பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸையே போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றுவது காருக்குத் தீ வைப்பதற்குச் சமம். திரும்பத் திரும்பப் போனால் எங்கோ ஒயர் உரசிக்கொண்டிருக்கலாம். சுழலும் பெல்ட், விசிறி அருகே கையும் துண்டும் போகக் கூடாது. மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்களை நாம் தொடவே கூடாது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகு எர்த் முனைகளைச் சுரண்டித் துடைத்து, முறுக்கி, மேலே வாஸலின் தடவி வைப்பது நம் கடற்கரைக்கு ஏற்ற காப்பு. சரக்கை எடை பார்த்து வாங்கும் நாம், பழுதையும் சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுப்போம்.